கை நீட்டிய மந்திரி

அவரை முதன்முதலாகத் தொட்ட அன்றே அவர் என்னை அறைந்துவிட்டார்.

அவருடைய இடது முழங்கையை மெல்ல மடக்கிக்கொண்டிருந்தேன். மேல்கை எலும்பில் தகடு வைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். பல வாரங்கள் அசையாமல் கிடந்ததில் மூட்டு கட்டைபோல் இறுகிப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தியபோது அவருடைய வலது கை எங்கிருந்தோ வந்தது. கன்னம் எரிந்த பிறகுதான் அடி விழுந்ததே தெரிந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

நான் முழங்கையை விடவில்லை. வலியில் கை ஓங்குகிற நோயாளிகள் எனக்குப் புதிதல்ல. ராணுவ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்த வருடங்களில் உதை கூட வாங்கியிருக்கிறேன். மடக்க வேண்டிய அளவு மடக்கிவிட்டுத்தான் எடுத்தேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ விடலை" என்றார். "நல்லது. நாளைக்கும் நீயே வா."

மன்னிப்புக் கேட்டது மனைவிதான். லிஃப்ட் வரை கூடவே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் என் கணவர் கன்னத்தைப் பார்த்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, புனே கராடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறார். எதையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

"என்ன, அஞ்சு விரலும் பதிஞ்சிருக்குது?"

"சி விங்குல புதுசா வந்திருக்காங்களே, அந்தப் பெரியவருங்க. வலியில கை பட்டுருச்சு."

"கை பட்டா இப்படியா பதியும்? யாரு அந்த ஆளு?"

"அவங்க நாட்டுல மந்திரியா இருந்தவருங்க."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "நம்மூர்ல மந்திரி கை நீட்டுனா அதுக்கு வேற அர்த்தம். இந்தாளு நெசமாவே நீட்டறானாக்கும்."

அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

அவருடைய பெயரையும் நாட்டின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் இருக்கிற நாடு என்று மட்டும் சொல்லலாம். எண்ணெயைத் தவிர விற்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை. வாத்தியார் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து, கடையில் வாங்கும் ரொட்டிக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியம், எல்லாம் பூமிக்கடியிலிருந்துதான் வர வேண்டும். அவர் இளவயதில் புனேயில் இன்ஜினியரிங் படித்தவர். அதனால்தான் குண்டடி பட்டதும் வைத்தியத்துக்கு இங்கே வந்தார். எங்கள் வானவடி அடுக்குமாடி சொசைட்டியில் வீடு வாடகைக்கு எடுத்தார்கள். அவர் பேசியது பாதி ஆங்கிலம், பாதி கல்லூரிக் காலத்து ஹிந்தி. அவர் மனைவி பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். சொசைட்டியில் எல்லோரும் அவளை பாபி, அதாவது அண்ணி, என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்கள் பேச்சை எல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பெரிய உடம்பு. உட்கார்ந்தால் சோபா முனகும். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடுந்தேநீரை அதன் வழியாக உறிஞ்சுவார். வடாபாவ் என்றால் குழந்தைபோல் ஆகிவிடுவார். பச்சை மிளகாயைத் தனியாகக் கடித்துக் கண்ணில் நீர் வழிய என்னையும் கடிக்கச் சொல்லுவார். வாட்ச்மேனின் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் தப்பாகப் போட்டால் கோபமே வராது. அவருக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். யாராவது தனக்கு உரிமையில்லாததை எடுத்தால், பேச்சு தொடங்குவதற்கு முன்னால் கை போய்விடும்.

காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வழக்கம்போல் மேலே கொஞ்சம் கேட்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் கொடுப்பதுதான். நான் போனபோது அந்த ஆளின் சட்டைக் காலர் அவர் முஷ்டிக்குள் இருந்தது. குதிகால் தரையில் இல்லை. "யார் கேக்கச் சொன்னது உன்னை? யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே சுவரோடு சாய்த்திருந்தார், ஒரே கையால். பாபியும் நானும் பிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் கட்டிடத்தில் ஒருவரிடமும் அந்த ஆள் மேலே கேட்கவில்லை. பெண்கள் லிஃப்டில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்கவில்லை.

சிக்னலை மீறி வந்த பைக்குக்காரரின் ஹெல்மெட்டில் ஓங்கி அறைந்தார். மீட்டருக்குச் சூடு வைத்து ஓட்டிய ரிக்‌ஷாக்காரரின் விரலை மீட்டரோடு சேர்த்து முறுக்கினார். "சார், ஒருநாள் யாராவது திருப்பி அடிப்பாங்க" என்றேன்.

"அடிச்சாங்களே" என்று இடது கையைக் காட்டினார்.

அந்தக் கதையைப் பயிற்சியின்போதுதான் சொன்னார். வலிக்கிறபோது பேசவைத்தால் உடம்பு இறுகாது. அதற்காக நானே கேட்பேன்.

அவர்கள் நாட்டில் இலாகாக்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்சிக்குச் சொந்தம். தேர்தல் முடிந்ததும் அறுத்த ஆட்டைப் பங்கு போடுவதுபோல் பிரித்துக்கொள்வார்கள். தொடை யாருக்கு, ஈரல் யாருக்கு என்று அடிதடி நடக்கும். மக்கள் பொறுக்க முடியாமல் தெருவுக்கு வந்தார்கள். நிறையப் பேர் செத்தார்கள். அதன் பிறகு வந்த பிரதமர், பாதி இலாகாக்களைக் கலைத்துவிட்டு, கட்சி சாராத படித்தவர்களை அமைச்சரவையில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். அப்படித்தான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இவர் எண்ணெய் மந்திரி ஆனார். ஆனால் உள்துறை பழைய கட்சிக்காரரிடமே இருந்தது. அவரிடம் ஆயுதம் ஏந்திய ஆட்கள் இருந்தார்கள். அவரைத் தொட முடியவில்லை.

எண்ணெய்க் குழாய் போகிற வழியில் துளைபோட்டு, இரவெல்லாம் டேங்கர் லாரிகளில் நிரப்பி எல்லை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் உள்துறை மந்திரியின் கட்சிக்காரர்களுடையவை. காவலுக்கு நின்றது போலீஸ். இவர் அமைச்சரவைக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னார்.

"அவன் சிரிச்சான்" என்றார். "'பேராசிரியரே, கிளாஸ் எடுக்கிறீங்களா'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. பிரதமரும் சிரிச்சார். நான் மேஜையைச் சுத்திப் போனேன். போற வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க, நான் ஏதோ பேப்பர் கொடுக்கப் போறேன்னு நினைச்சு. அறைஞ்சேன். நாற்காலியோட விழுந்தான்."

"அப்புறம்?"

"ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தாங்க. என் படத்தைச் சுவத்துல வரைஞ்சாங்க. கோர்ட்டுக்குப் போயிருந்தா அவன் இன்னும் சிரிச்சுக்கிட்டிருப்பான். கை நீட்டினதாலதான் சுட்டான். பயந்துட்டான்னு அர்த்தம்."

முகம் மலர்ந்திருந்தது. அந்தப் பெருமையில் முழங்கை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மடங்கியது. பாபி தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவள், அவரையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த கோடையில் எங்கள் சொசைட்டியில் தண்ணீர் வறண்டது. அது எல்லா வருடமும் வருவதுதான். கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். தனியார் டேங்கர்களை சொசைட்டி செக்ரட்டரி ஏற்பாடு செய்வார். எத்தனை டேங்கர் வந்தாலும் சாயங்காலத்துக்குள் குழாய் காற்றுதான் விடும். ஏன் என்று யோசிக்காமல் வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை நான் வேலைக்குப் புறப்பட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தேன். டேங்கர் வந்து நின்றிருந்தது. அவர் கீழே நடக்க வந்தவர், அதன் பக்கம் போய், டேங்கின் இரும்பில் விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தார். வயிற்றளவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. அது எனக்குக்கூடக் கேட்டது.

"பாதிதான் இருக்கு" என்றார்.

டிரைவர் நடுத்தர வயது ஆள். லாத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். தத்தா என்று பெயர். குழாயைப் பொருத்திக்கொண்டே, "சாப், நான் வண்டி ஓட்டறவன். நிரப்பறது வேற ஆளு" என்றான்.

"மூடியைத் திற."

"நேரமாகுது சாப். அடுத்த சொசைட்டிக்குப் போகணும்."

அவர் ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்து ஏறி, மூடியைத் தானே திறந்து பார்த்தார். அங்கிருந்தே கத்தினார். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. மூன்றாவது மாடி பால்கனியில் செக்ரட்டரி வந்து நின்றார், கையில் கோப்பையோடு.

"அங்கிள், இது சொசைட்டி விஷயம். நீங்க வாடகைக்கு இருக்கறவர். இறங்கி வீட்டுக்குப் போங்க" என்றார். கூடவே லேசாகச் சிரித்தார்.

அவர் இறங்கினார். நான் பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்து. தத்தா வால்வைத் திறக்க அதன்மேல் கை வைத்தான். டேங்கரின் பக்கவாட்டில் வால்வைத் திருகுகிற இரும்புக் கம்பி ஒன்று மாட்டியிருந்தது. அதை அவர் உருவியதை நான் பார்த்தேன். என்ன செய்யப் போகிறார் என்று மனத்தில் பதிவதற்குள் அது தத்தாவின் கைமேல் இறங்கியது.

ஒருமுறை அல்ல. வால்வின் இரும்புக்கும் கம்பியின் இரும்புக்கும் நடுவில் அந்தக் கை இருந்தது. முதல் அடியில் தத்தா கத்தவில்லை. இரண்டாவதில் கத்தினான். அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. கண் தத்தாமேல் இல்லை. மூன்றாவது மாடியைப் பார்த்தபடி, தன் மொழியில் எதையோ உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தார்.

நான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். வால்வு திறந்துகொண்டு தண்ணீர் பீறிட்டது. தத்தா அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இருக்க வேண்டிய திசையில் இல்லை. புறங்கையில் தோல் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினேன். சுற்றச் சுற்ற சிவப்பு ஊறி வந்தது.

பாபி எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியாது. கணவரின் கையிலிருந்து கம்பியை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். அதைத் தூர எறிந்துவிட்டு, ஈரத்தில் மண்டியிட்டு, தத்தாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆண். தலைத்துணி நழுவியது கூடத் தெரியாமல், அவனுடைய முடியைக் கோதிக்கொண்டு, தன் பாஷையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தச் சொல்லுக்குத் தம்பி என்று பொருள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாபியே சொன்னாள்.

"அவர் உங்ககிட்ட எல்லாம் சொன்னாரே. டிரைவரைப் பத்திச் சொன்னாரா?"

"இல்லையே."

"அந்த மந்திரியை அறைஞ்ச மறுநாள் அரசாங்க டிரைவர் வரலை. அதுக்கடுத்த நாள் இன்னொருத்தன் வந்து சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டான். யாருக்கும் தைரியம் இல்லை. இவர் என் தம்பியைக் கூப்பிட்டார். அவன் டாக்ஸி ஓட்டிக்கிட்டிருந்தான். 'அத்தான் கூப்பிட்டா போகாம இருப்பனா'ன்னு சிரிச்சுக்கிட்டே போனான்."

கையில் இருந்த ரத்தக் கறையை அவள் கழுவியிருக்கவில்லை.

"சிக்னல்ல நிக்கும்போது மோட்டார் சைக்கிள்ல வந்தாங்க. என் தம்பி பின்னாடி பாய்ஞ்சு இவர்மேல படுத்துக்கிட்டான். அவன் உடம்பைத் தாண்டி வந்ததுதான் இவர் கையில பட்டது. அறைஞ்சதை எல்லார்கிட்டயும் சொல்றார். இதைச் சொல்றதே இல்லை. சொன்னா அந்த அறைக்கு விலை என்னன்னு தெரிஞ்சு போயிடும்."

போலீஸ் கேஸ் ஆகும், அவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தோம். ஒன்றும் ஆகவில்லை. டேங்கர் முதலாளி வெள்ளைக் காரில் வந்து இறங்கி, செக்ரட்டரி வீட்டில் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். கேஸ் என்று போனால் பாதி டேங்கின் கதையும் வெளியே வரும். வேலையில் கம்பி தவறி விழுந்தது என்று தத்தாவைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னான். சொன்ன பிறகு, கை இல்லாதவனுக்கு வண்டி எதற்கு என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் டேங்கர் நிறைந்து வந்தது. பிறகு மறுபடியும் பாதியாகத்தான் வந்தது.

தத்தாவுக்கு அடிபட்ட அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் சொன்னார்: "நீ அந்தாளு கையைச் சரி பண்ணிக் கொடுத்த. அவன் போயி இன்னொருத்தன் கையை உடச்சுப்போட்டான். இனி அங்க போகோணுமா?"

"அவருக்காக இல்லீங்க. பாபிக்காகப் போறேன்."

"அந்தம்மா எதுக்கு இன்னும் அவங்கூட இருக்குது?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தத்தாவின் கட்டைப் பிரித்த நாள் முதல் எனக்கு இரண்டு கைகள் ஆயின. காலையில் அவர் கை. மாலையில், ஊருக்கு வெளியே உண்ட்ரிப் பக்கம், டேங்கர்கள் தண்ணீர் நிரப்புகிற ஒரு கிணற்றையொட்டிய தகரக் கூரை அறையில், தத்தாவின் கை. பாபிதான் என்னைக் கேட்டுக்கொண்டாள். தானும் ரிக்‌ஷாவில் கூடவே வருவாள். பெரிய தூக்குப் பாத்திரத்தில் சோறும் கறியும் இருக்கும். தத்தாவும் அவன் மனைவியும் கறி சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்ததும் பருப்பு சமைக்கக் கற்றுக்கொண்டாள். நான் விரல்களை நீவி மடக்கும்போது தத்தா சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வான். ஒருமுறைகூட என்மேல் கை ஓங்கியதில்லை.

அவர் தத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மாறியிருந்தார். கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். வாட்ச்மேனின் பெண் நோட்டோடு வந்தால் தலைவலி என்று திருப்பி அனுப்பினார். பயிற்சியின்போது நான் அழுத்தும் முன்பே தானாக வலியை நோக்கிப் போனார். "போதும் சார், தகட்டை எடுத்துத் தையல் போட்ட இடம் கிழிஞ்சுடும்" என்றாலும் கேட்கமாட்டார். ஒருநாள் உண்மையிலேயே கிழிந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை ஓட, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம் அந்த அழைப்பு வந்தது. அவர்கள் நாட்டில் அரசாங்கம் கவிழ்ந்து, வேறு பிரதமர் வந்திருந்தார். புது அமைச்சரவை, புது வாக்குறுதி. அதே எண்ணெய் இலாகா, இந்தமுறை முழு அதிகாரத்தோடு. உள்துறை பழைய ஆளிடம் இல்லை என்பதுதான் அவரை அசைத்தது. போனை வைத்துவிட்டு அறை முழுவதும் நடந்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த பாபியின் முன்னால் வந்து நின்றார்.

"போகலைன்னா, உன் தம்பி எதுக்குச் செத்தான்னு ஆயிடும்" என்றார். தம்பி என்ற பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாபி நிமிர்ந்து பார்த்தாள். "போங்க. போறதுக்கு முன்னாடி அந்த டிரைவர் கையைப் பார்த்துட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

தத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் உடம்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது; எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் போய், அங்கே இருந்த கத்தியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நறுக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"கை எப்படி இருக்கு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

தத்தா கையை நீட்டி மூடிக் காட்டினான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வந்து சேர்ந்தன. மற்ற மூன்றும் பாதி வழியில் நின்றன. "ஸ்டியரிங் பிடிக்க வராது" என்றான். "கியர் போடவும் வராது."

அவர் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார்.

"சாப், ஒண்ணு கேக்கணும். தண்ணியைத் திருடினது நான் இல்லைன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"செக்ரட்டரி சாப் மேலதான் நின்னுக்கிட்டிருந்தார். சிரிக்கக்கூடச் செஞ்சார். அவரை ஏன் அடிக்கலை?"

அவ்வளவு பெரிய உடம்பு வியர்த்துப் போனதைப் பார்த்தேன்.

"அவன் மூணாவது மாடியில இருந்தான்" என்றார். "நீ பக்கத்துல இருந்தே."

வெளியே ஏதோ ஒரு டேங்கரில் மோட்டார் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் நகர்ந்து, தத்தாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முகத்தை முன்னால் நீட்டினார்.

"அடி" என்றார். "என்னை அடிச்சுடு."

தத்தா தன் கையைப் பார்த்துக்கொண்டான். "எதால அடிக்கறது சாப்?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டான்.

எழுந்து அடித்தது தத்தாவின் மனைவி. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, திறந்த கையால், இரண்டு கன்னத்திலும். மெலிந்த உடம்பு, ஆனால் கிணற்றில் நீர் இறைத்த கை. அவர் உதடு கிழிந்து தாடியில் ரத்தம் இறங்கியது. துடைக்கவில்லை. பாபி தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அடித்து முடித்ததும் அந்தப் பெண் பழையபடி அடுப்பருகே போய் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அவர் உதட்டைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு ஒரே ஒரு தடவை பேசினார். "இனிமே ஒரு டிரைவரையும் தொடமாட்டேன்."

அந்த வாரமே போய்விட்டார். நிலைமை சரியானதும் கூப்பிடுவதாகச் சொல்லிப் பாபியை இங்கேயே விட்டுப் போனார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் எழுத வேண்டும். அங்கே குழாய்களில் துளைபோட்ட இடங்களை எல்லாம் அடைக்க வைத்தார். லாரிகளைப் பிடித்தார்கள். ஓட்டிவந்தவர்களை விட்டுவிட்டு முதலாளிகளைத் தேடினார்கள். முதலாளிகளின் ஆட்கள் எதிர்த்துச் சுட்டார்கள், இவருடைய காவலர்களில் சிலர் செத்தார்கள். ஒரு வெடிகுண்டு இவர் இருந்த கட்டிடத்தின் முன்பக்கத்தையே பெயர்த்துப் போட்டது. பாபி கைபேசியில் காட்டுவாள். தூசிக்குள்ளிருந்து அவர் நடந்து வருவார், இடது கையை வீசிக்கொண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்பியின் கல்லறைக்குப் போய் அங்கிருந்து ஒரு படம் அனுப்புவார். புதிதாக வைத்த ரோஜாச் செடி துளிர்த்திருப்பது ஒரு படத்தில் தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்கும் காட்டினாள். அந்த நாட்களில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

பிறகு அவர்கள் நாட்டில் அமைச்சரவையை மாற்றி அமைத்தார்கள். அந்தப் பழைய கட்சி ஆதரவை விலக்கிக்கொள்வதாக மிரட்டியது. அரசாங்கம் நிற்க வேண்டுமானால் அவர்களைச் சேர்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அன்று சுட ஆள் அனுப்பிய பழைய உள்துறை மந்திரி மறுபடியும் உள்துறை மந்திரியாகப் பதவி ஏற்றார்.

அன்று நான் பாபி வீட்டில் இருந்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கைபேசி மேஜைமேல் சாய்த்து வைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. மந்திரிகள் வரிசையாக நின்றார்கள். புதிதாகப் பதவியேற்றவர் ஒவ்வொருவராகத் தழுவிக்கொண்டு வந்தார். பாபியின் கணவர் முன்னால் வந்ததும் ஒரு கணம் எல்லாம் நின்றது போல் இருந்தது. கூடியிருந்தவர்களும் ஓர் அடியைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும், கேமராக்கள் நெருங்கின. அவர் இரண்டு கைகளையும் விரித்தார். இருவரும் தோளோடு தோள் சேர்த்துத் தழுவிக்கொண்டார்கள், இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை.

பாபி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். அவள் எடுக்காததால் என் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"அவகிட்ட சொல்லு" என்றார். குரல் களைத்திருந்தது. "நான் கையை ஓங்கியிருந்தா ராத்திரியே அரசாங்கம் விழுந்திருக்கும். நான் அடைச்ச குழாய் எல்லாம் திறந்துக்கும். இதுவரைக்கும் செத்தவங்க எல்லாரும் சும்மா செத்தவங்களா ஆயிடுவாங்க. வாழ்க்கையிலே முதல் தடவையா யோசிச்சு நடந்துக்கிட்டேன். அவ எப்பவும் என்கிட்ட கேட்டது அதைத்தானே. வீடு தயாரா இருக்கு, வரச் சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாபி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தன் மொழியில் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் மட்டும் கேட்டது. அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னீங்க பாபி?"

"என் தம்பி கல்லறைக்கு இனிமே போகாதீங்கன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்" என்றாள்.